திரைக்கு வெளியே நீண்ட கை

நூர் முஹம்மது உள்ளே நுழைந்தபோது கூடத்தின் குறுக்கே ஒரு பச்சைப் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. போர்வையின் விளிம்பிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. மருதாணி வைத்த கை. அதற்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து ஒரு டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது மகள் சகினாவின் கை என்று தெரிந்துகொள்ள நூர் முஹம்மதுவுக்கு நேரம் பிடிக்கவில்லை. பெற்றவனுக்குத் தெரியாதா? ஒரு மனுஷி சாகக் கிடக்கிறாள் என்று ஆள் அனுப்பி வரச் சொல்கிறார்கள். வந்து பார்த்தால், சந்தையில் வெண்டைக்காயை முறித்துப் பார்க்கிற மாதிரி ஒருத்தன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீறே?" என்றார்.

டாக்டர் தலை நிமிரவில்லை. சுவரோரம் நின்ற மருமகன் இனாயத், "மாமா, மெதுவா. டாக்டர் நாடி எண்ணுறார்" என்றான். அவன் முகம் அழுது வீங்கியிருந்தது. இருபத்திரண்டு வயசுப் பையன், சாயத் துணிக் கடை முதலாளி. அழுவதைத் தவிர அவனுக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை.

நூர் முஹம்மது லஸ் மூலையில் ஜட்கா வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் குதிரைச் சேணம் தைப்பவர். யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டதிலிருந்து மயிலாப்பூர் முழுக்க மறுபடியும் ஜட்காவில் ஏறியது. அவருக்கும் கை நிறைய வேலை. டாக்டர், வக்கீல், தாசில்தார் மூன்று பேரையும் அவர் ஒரே அச்சாகத்தான் நினைத்தார். நாம் பேசினால் அவர்கள் காதில் விழாது, அவர்கள் பேசினால் நமக்குப் புரியாது, கடைசியில் தப்பு நம்முடையதாக இருக்கும்.

அவர் மனைவி ஜமீலுன்னிசா உயிரோடிருந்த வரைக்கும் கடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோல் வெட்டினாள். தலையில் முக்காடு உண்டு, திரை கிடையாது. திரை கட்ட வீட்டில் இரண்டாவது அறை வேண்டுமே. அதனாலேயே, கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த மாடி வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. "என் பொண்ணு திரை வூட்டுக்குப் போறா" என்று வண்டிக்காரன் ஒவ்வொருத்தனிடமும் சொன்னார். அந்த மாதத்தில் லஸ் மூலைக் குதிரைகளுக்குக்கூட அந்தச் சேதி தெரிந்திருக்கும்.

இப்போது அந்தத் திரை அவர் கண்ணெதிரே தொங்குகிறது. மகள் அதற்கு அந்தப் பக்கம் கிடக்கிறாள்.

டாக்டர் அவள் கைமேல் சுற்றியிருந்த பட்டையில் காற்றடித்து, குழாயைக் காதில் வைத்துக் கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டார். பிறகு பட்டையை அவிழ்த்துவிட்டு எழுந்தார். மந்தைவெளியில் இருக்கும் ஸ்ரீரங்கன் டாக்டர் அவர். நாற்பது வயசு, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், மேலே வெள்ளைக் கோட்டு.

"நீங்கதான் தோப்பனாரா?"

"நான் தான். அய்யரே, பொண்ணுக்கு இன்னா?"

"அய்யங்கார். பரவாயில்லே. பொண்ணுக்கு ஷாக்."

"ஷாக்கா? இந்த வூட்ல கரண்டு வெளக்கே கெடையாதேய்யா!"

"அந்த ஷாக் இல்லே, பாய்." டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "ஒடம்புல ரத்த ஓட்டம் படுத்துடறது. அதைச் சொல்றேன். நாடி நூல் மாதிரி ஓடறது. பிரஷர் தரைக்கு வந்துடுத்து. அதுல சந்தேகமே இல்லே. எதனாலங்கறதுதான் கேள்வி. ரத்தம் கொட்டிப் போச்சுன்னா மனுஷாள் வெளுத்துப் போயிடுவா, ஒடம்பு சில்லுனு வேர்க்கும். இருதயம் தளர்ந்ததுன்னா கழுத்து நரம்பு பொடைச்சுண்டு நிக்கும், மூச்சுல களகளன்னு சத்தம் வரும். ரத்தத்துல விஷம் ஏறித்துன்னா ஒடம்பு கொதிக்கும். நாடியை மாத்திரம் பிடிச்சுப் பார்த்தா மூணும் ஒண்ணு போலத்தான் ஓடும். வைத்தியம் மூணுக்கும் வேற வேற."

"இது எது?"

"கை நன்னா சூடா இருக்கு. தெர்மாமீட்டர் நூத்தி மூணு காட்டறது. விஷக் காய்ச்சல். சல்பா மாத்திரை எழுதித் தரேன்."

"ஆஸ்பத்திரி?"

"இந்த நிலைமையில ஜட்காவுல போட்டுக் குலுக்கினா வழியிலேயே நாடி நின்னுடும். அசைக்காம இருக்கட்டும். ரத்தம் போற கேஸா இருந்தா நானே தூக்கிண்டு ஓடியிருப்பேன். இது அது இல்லே."

நூர் முஹம்மது அவரை மேலும் கீழும் பார்த்தார். "மூஞ்சியைப் பாத்தியா?"

டாக்டர் திரையைப் பார்த்தார்.

"கழுத்து நரம்புன்னியே, கழுத்தைப் பாத்தியா?"

"கையைப் பாத்தேன்."

"என் கடைக்கு ஒருத்தன் வந்து குதிரைவாலை மட்டும் காட்டிட்டு சேணம் தெச்சுக் குடுன்னா நான் தெச்சுடுவனா? செருப்பால அடிப்பேன்!"

"பாய், இந்தாத்து வழக்கம் அது. நான் கேட்டேன். முடியாதுன்னுட்டா. கை கொடுத்ததே பெரிசு."

"மாமா, அம்மீ காதுல விழும்" என்றான் இனாயத்.

"விழட்டும்டா!"

போர்வையை விலக்கிக்கொண்டு நூர் முஹம்மது உள்ளே போனார். அவர் தகப்பன், அவருக்குத் தடை இல்லை. உள்ளே வெப்பம் முகத்தில் அடித்தது. கட்டிலின் தலைமாட்டில் ஒரு சட்டி நிறைய கரி நெருப்பு. அந்த வீட்டு வேலைகளைப் பார்க்கும் ஹாஜிரா பீ கீழே உட்கார்ந்து, வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் தயார் செய்துகொண்டிருந்தாள். இனாயத்தின் அம்மா, சம்பந்தி அன்வரி பேகம், முக்காட்டால் முகத்தைப் பாதி மறைத்து, தஸ்பீஹ் மணியை உருட்டியபடி சுவரோரம் நின்றாள். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததில் அறை மங்கலாக இருந்தது.

சகினாவின் முகத்தைக் குனிந்து பார்த்தார். அது முகமாக இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது. உதடுக்கும் கன்னத்துக்கும் நிற வித்தியாசம் இல்லை. நெற்றியில் கை வைத்தார். மண்பானையின் வெளிப்பக்கம் மாதிரி ஈரமாக, சில்லென்று இருந்தது. வேர்வை புருவம் வழியாக வழிந்தது.

"அத்தா," என்றாள், கண்ணை முழுக்கத் திறக்காமல். "தோள்பட்டை வலிக்குது."

"எங்கேயாவது வியுந்தியா கண்ணு?"

"இல்லே. காலையில வயித்துல ஏதோ அறுந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் தலை சுத்திடுச்சு." அவளுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. கேட்கப் பலம் இல்லாமல் நாக்கை மட்டும் வெளியே நீட்டினாள்.

நூர் முஹம்மது ஒரு பாய்ச்சலில் வெளியே வந்தார். டாக்டரின் கோட்டுக் கழுத்தைப் பிடித்து உலுக்கினார்.

"பொய்யாடா சொல்றே? சூடுன்னியே! நெத்தியில கையை வெச்சா ஐஸு மாதிரி கீது! எழுதிக் குடுத்துட்டு பையைத் தூக்கிக்கினு போயிடலாம்னு பாத்தியா? ஏழை வூட்டுப் பொண்ணு செத்தா எவன் கேப்பான்னு பாத்தியா?"

"மாமா! வுடுங்க மாமா!" இனாயத் நடுவில் புகுந்தான்.

டாக்டர் அவன் பக்கமே திரும்பவில்லை. கழுத்தைப் பிடித்திருந்த கையையும் விலக்கவில்லை. "என்ன சொன்னேள்?" என்றார். "நெத்தி சில்லுனு இருக்கா?"

"சில்லுனு. ஈரமா."

"வேர்வையா? கை மட்டும் சூடா?" அவர் பார்வை திரைப் பக்கம் போனது. குரலை உயர்த்தினார். "உள்ளே யார் இருக்கேள்? கையை வெளியில நீட்டறதுக்கு முன்னாடி என்ன பண்ணினேள்?"

உள்ளே சட்டியை நகர்த்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்கறார் இல்லே? ஹாஜிரா, வாயைத் தொற!" என்று கத்தினார் நூர் முஹம்மது.

"நெருப்புல காட்டினேன்," என்றது ஹாஜிரா பீயின் குரல். "கை சில்லுனு இருந்திச்சி பாய். சில்லிட்ட கையைத் தொட்டா டாக்டருங்க பையை மூடிக்கினு போயிடுவாங்க. எங்க அக்காவுக்கு அப்படித்தான் போனாங்க. தொட்டுப் பாத்துட்டு, எடுத்துட்டுப் போங்கன்னாங்க. அதான் நெருப்புல காச்சி, அப்புறம் நீட்டினேன்."

"தெர்மாமீட்டர்? அந்தக் கண்ணாடிக் குச்சியை எங்கே வெச்சே?"

"நீங்க சொன்ன மாதிரி அக்குள்ல தான். உப்பு மூட்டையை எடுத்துட்டு அங்க தான் வெச்சேன்."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "உப்பு மூட்டைக்குக் காய்ச்சல் பார்த்திருக்கேன்! மருதாணியில நகம் வெளுத்ததும் தெரியலே. எல்லாம் தலைகீழாப் போச்சு. திரையை எடுங்கோ. உடனே நான் பார்க்கணும்."

"கூடாது."

இது அன்வரி பேகத்தின் குரல். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லிப் பழக்கமில்லாதவள். "என் மாமியார் காலத்துலேர்ந்து இந்த வீட்டுப் பொம்பளை முகத்தை வெளி ஆம்பளை பார்த்தது கெடையாது. சம்பந்தி வேணும்னா கிழிக்கட்டும். அவர் பொண்ணுதானே. நாளைக்கு எந்த முகத்தோட அவ இந்தத் தெருவுல இருப்பான்னு அவரே யோசிச்சுக்கட்டும்."

நூர் முஹம்மதுவின் கை போர்வையைப் பிடித்திருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இழுக்கவில்லை. அவரே ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்ட திரை இது, ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட திரை. கல்யாணத்தன்று இதே அன்வரி பேகம், தோல் வெட்டுகிறவள் பெண் நம் வீட்டுக்கு ஒத்து வருவாளா என்று கேட்டதாகவும் காதில் விழுந்திருந்தது. ஒத்து வருவாள் என்று காட்டத்தான் சகினா இத்தனை மாதமாக ஜன்னல்பக்கம்கூடப் போகாமல் இருந்தாள். அதைத் தகப்பன் கையாலேயே கிழிப்பதா? நினைக்க நினைக்க அவருக்கு அன்வரி பேகத்தின் மேல் வந்த ஆத்திரம் திரும்பித் தன் மேலேயே பாய்ந்தது. அது இன்னும் மோசமாக எரிந்தது.

"பாய், சண்டைக்கு நேரமில்லே," என்றார் டாக்டர். "நீங்க உள்ளே போங்கோ. நான் கேக்கறதைப் பாத்துச் சொல்லுங்கோ. வெளக்கைக் கிட்டக்க எடுத்துண்டு போங்கோ. உம், இருக்கறதைச் சொல்லணும். பயந்து மாத்திச் சொல்லப்படாது."

"நான் ஏன்யா மாத்திச் சொல்றேன்? மாத்திச் சொல்றது உங்க தொழிலு."

இருந்தாலும் போனார். 

"கண்ணுக்குக் கீழ் இமையை இழுத்துப் பாருங்கோ. உள்பக்கம் செவப்பா இருக்கா?"

"செவப்பு இல்லே. வெள்ளை. சோத்துப் பருக்கை மாதிரி கீது."

"கழுத்துல பக்கவாட்டு நரம்பு? பொடைச்சுண்டிருக்கா?"

"தெரியவே இல்லே. படுத்துக்கினு கீது."

"மூச்சு? களகளன்னு சத்தம் வரதா?"

"சத்தம் இல்லே. நாய் எரைக்கற மாதிரி வேகமா வாங்குறா."

"அப்போ இருதயம் இல்லே. அது தீர்ந்தது," என்றார் டாக்டர் தனக்குத்தானே. "வயித்துல கை வையுங்கோ. மெதுவா."

வைத்தார். சகினா ஒரு சத்தம் போட்டாள். திரைக்கு வெளியே இனாயத் காதைப் பொத்திக்கொண்டான்.

"பலகை மாதிரி கீதுய்யா! தொட்டாலே கத்துறா. தோளு வேற வலிக்குதுங்கறா."

"தோளா?" டாக்டரின் குரல் மாறியது. "வலது தோளா, எடது தோளா? சரி, எதுவானாலும் சரி. வயித்துக்குள்ளே ரத்தம் தேங்கினா வலி தோள்ல தெரியும். பாய், இன்னொண்ணு கேக்கணும். அவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கா?"

மகளிடம் ஒரு தகப்பன் கேட்கிற கேள்வியா இது? ஜமீலுன்னிசா இருந்திருந்தால் அவள் கேட்டிருப்பாள். நூர் முஹம்மது அன்வரி பேகத்தைப் பார்த்தார். அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். மணி மட்டும் விரலில் உருண்டது.

"சம்பந்தியம்மா. கேக்கறாரு."

அவள் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா! உன் கௌரவத்தைக் கொண்டு போய் சட்டியில போடு! இவ செத்தா உன் புள்ளைக்கு வேற ஒருத்தி வருவா. எனக்கு வேற பொண்ணு வருமா? சொல்லு!"

மணி நின்றது. "ரெண்டாவது மாசம்," என்றாள் அன்வரி பேகம். "மூணு முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. திருஷ்டி."

"கேட்டுதாய்யா?" என்று திரையைப் பார்த்து நூர் முஹம்மது கத்தினார்.

"கேட்டுது. கரு கர்ப்பப்பையில தங்கலே. பக்கத்துக் குழாயில தங்கி, இன்னிக்குக் காலையில வெடிச்சிருக்கு. காலையிலேர்ந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் போயிண்டிருக்கு. இது காய்ச்சல் ஷாக் இல்லே, ரத்தம் போற ஷாக். ஆபரேஷன் பண்ணிக் கட்டினாத்தான் நிக்கும். இப்பவே போகணும். குலுக்கினா ஆபத்துதான். ஆனா இங்கே கெடந்தா சாவு நிச்சயம்."

சொன்னது அவ்வளவுதான். அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. நூர் முஹம்மது போர்வையைப் பிடித்து இழுத்தார். கயிறு ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. சுவரில் காரை உதிர்ந்தது. அன்வரி பேகம் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "யா அல்லா" என்றாள்.

டாக்டர் ஒரே எட்டில் கட்டிலுக்கு வந்தார். சகினாவின் முகத்தைப் பார்த்தார். இமையை இழுத்துப் பார்த்தார். வேறு எதுவும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதெல்லாம் அங்கேயே இருந்தது. "இதை முதல்லே பார்த்திருந்தா ஒரு நிமிஷ வேலை," என்றார்.

"இப்போ சொல்லு!" என்று உறுமினார் நூர் முஹம்மது.

"வண்டி இருக்கா?"

"வாசல்ல வேலு நிக்கறான். என்னை இட்டாந்தவன்."

"நெருப்புச் சட்டியைத் தூக்கி வெளியில வையுங்கோ, உப்பு மூட்டையெல்லாம் எடுத்துடுங்கோ. சூடு காட்டினா இருக்கற கொஞ்ச ரத்தமும் தோலுக்கு வந்துடும். தலை தாழ இருக்கணும், கால் ஒசர இருக்கணும். இந்தப் போர்வையிலேயே தூக்கலாம்."

போர்வையைக் கட்டிலில் விரித்து அவளை அதில் நகர்த்தினார்கள். தலைப் பக்கம் ஒரு முனையை நூர் முஹம்மது பிடித்தார். மறு முனையை டாக்டர். கால் பக்கம் ஒன்றை இனாயத் பிடித்தான். அவன் அம்மாவைப் பார்த்தான், பிறகு பார்க்காமல் பிடித்தான். நான்காவது முனை தரையில் கிடந்தது. ஹாஜிரா பீ நெருப்புச் சட்டியோடு பின்கட்டுக்குப் போயிருந்தாள்.

"வேலு! உள்ளே வாடா!" என்று கூப்பிட்டார் நூர் முஹம்மது.

வேலு வாசற்படியில் கால் வைக்கவில்லை. "நைனா, குதிரை நிக்காது. அதுவுமில்லாம திரை போட்ட கோஷா வூடு. நான் எப்பிடி..."

அன்வரி பேகம் குனிந்து அந்த முனையை எடுத்தாள்.

நாலு பேருமாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். படியில் அன்வரி பேகம் ஒரு கணம் நின்றாள். எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள் தெரிந்தன. தெருவில் தயிர்க்காரி நின்று பார்த்தாள். பிறகு அன்வரி பேகம் முகத்தை மூடிய முக்காட்டோடு தெருவில் இறங்கினாள். வண்டி வரைக்கும் வந்தாள். போர்வை முனையை வண்டிக்குள் வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

அதற்காக நூர் முஹம்மதுவுக்கு மனசு இளகவில்லை. காலையில் எடுத்திருக்க வேண்டிய முனை அது.

ஜட்காவில் டாக்டர் சகினாவின் கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கணுக்காலில் நாடி தேடினார். கிடைக்காமல் தொடைப் பக்கம் போகத் தயங்கி, கழுத்தில் விரல் வைத்தார். நூர் முஹம்மது தடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த முகம் எப்போது மாறுகிறதோ அப்போது வண்டியை நிறுத்தி அவரைக் கீழே தள்ளுவது என்று தீர்மானித்திருந்தார். வேலு குதிரையை ஓட்டவுமில்லை, நிறுத்தவுமில்லை. தண்ணீர்க் குடத்தைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனான்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருத்தி பார்த்தவுடன் உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். ரத்தம் வேண்டும் என்றார்கள். நூர் முஹம்மது சட்டையைக் கழற்றினார். வயசாகிவிட்டது, வேண்டாம் என்றார்கள். "என் ரத்தம் அவளுக்குச் சேராதா? அவ ஒடம்புல ஓடறதே என்னுதுடா!" என்று சண்டை போட்டார். இனாயத்துடையதைச் சோதித்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஊசி ஏறும்போது அவன் அழவில்லை. முதல் தடவையாக நூர் முஹம்மது அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் பெண் டாக்டர் வெளியே வந்தாள். ஒரு பக்கக் குழாயை எடுத்துவிட்டதாகவும், ரத்தம் நின்றுவிட்டதாகவும், நாடி நிதானத்துக்கு வந்துகொண்டிருப்பதாகவும் சொன்னாள். "பொழைச்சுப்பா. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா என்கிட்ட வந்திருக்கவே வேண்டியதில்லே."

இனாயத் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நூர் முஹம்மது இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி ஸ்ரீரங்கன் டாக்டரைத் தேடினார். அவர் தாழ்வாரத்துக் கடைசியில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எங்கே போறே? நில்லு."

"பாய், கும்பிடறேன். என்னைத் திட்டாதேள். இன்னிக்குப் போதும்."

"திட்டலே. கேக்கறேன். நான் உள்ளே போய் நெத்தியைத் தொடலேன்னா நீ மாத்திரை எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பே. ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

"ஷாக்குல மூணு வகை, வைத்தியம் வேற வேறன்னு அளந்தியே. எல்லாம் தெரிஞ்ச நீ, திரையைத் தொறக்கலேன்னா நாடி பாக்க மாட்டேன்னு ஏன் சொல்லலே?"

"சொன்னா வெளியில போன்னுடுவா. முன்னாடி ஒரு வீட்டில சொல்லியிருக்கேன். போன்னுட்டா. அப்புறம் அந்தத் தெருவுலயே யாரும் கூப்பிடலே." டாக்டர் பையைக் கீழே வைத்தார். "கையாவது கிடைச்சா ஏதாவது பண்ணலாமேன்னு கை பிடிக்கப் பழகிண்டேன்."

"அந்த வூட்டுப் பொம்பளைக்கு இன்னா ஆச்சு?"

"தெரியாது."

"தெரியாதா? போய்க் கேக்கலியா?"

டாக்டர் குனிந்து பையின் வாரைச் சரிசெய்தார்.

"நாளைக்கே இன்னொரு வூட்ல கூப்பிடுவான். போர்வை கட்டி, கையை நீட்டுவான். நீ ஏந்திருச்சுப் போனா அந்தப் பொண்ணு செத்துடும். கையைப் பிடிச்சிக்கினு உக்காந்தாலும் செத்துடும். இன்னா பண்ணுவே? சொல்லிட்டுப் போ."

தாழ்வாரத்தில் ஒரு ஆயா விளக்கேற்றிக்கொண்டு போனாள். அவள் கடந்து போனதும் டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"சண்டை போடுவேன், பாய்."

"யார்கிட்ட?"

"உங்களை மாதிரி ஒருத்தர் அங்கேயும் இருப்பார். அவர்கிட்ட."

"இருப்பான்," என்றார் நூர் முஹம்மது. "இன்னிக்கு ரோஷம் வந்து நான் கத்தினேன். நேத்து வந்து திரையை எடுன்னு நீ கேட்டிருந்தா, நானே உன்னை அடிச்சுத் தொரத்தியிருப்பேன். அடிச்சாலும் போவாதே. சட்டையைப் பிடிச்சாலும் போவாதே. கேட்டுதா?"

"கேட்டுது."

"கேட்டுதுன்னா போ. போய் சாப்டு." சொல்லிவிட்டு நூர் முஹம்மது திரும்பினார். மகள் இருந்த அறையின் கதவருகே போய், அங்கே நின்ற நர்ஸிடம், உள்ளே விடுவதற்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், எதற்காக ஆகும், யார் அப்படிச் சொன்னது என்று சண்டையை ஆரம்பித்தார்.